இயற்கை மளிகை: எதற்குக் கூடக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார். மளிகையும் காய்கறியும் சேர்த்து மாதம் 11,000 ரூபாய் ஆகிறது. புதிதாகத் திறந்திருக்கும் இயற்கை அங்காடியில் அதே பட்டியலைக் கொடுத்துக் கேட்டால் 19,000 என்கிறார்கள். பிள்ளைகளுக்காக மாறிவிடலாம் என்கிறார் மாமியார். எல்லாம் ஏமாற்று வேலை என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: பட்டியல் முழுவதையும் மாற்ற வேண்டாம், சகோதரி. அந்த 8,000 ரூபாயில் பெரும்பகுதி, பலன் குறைவான பொருள்களுக்குத்தான் போகும். தேர்ந்தெடுத்து வாங்கினால் 1,500 முதல் 2,000 ரூபாய் கூடுதலில் முக்கியமானதையெல்லாம் மாற்றிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பாரம்பரிய ரகம், செக்கில் ஆட்டியது, ரசாயனம் போடாமல் விளைந்தது, இந்த மூன்றும் வேறு வேறு. கடை அலமாரியில் மூன்றும் ஒரே விலைப் பெருமையோடு நிற்கும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் பூச்சிமருந்து அடிக்க முடியும். மருந்தடித்த நிலக்கடலையையும் மரச்செக்கில் ஆட்டலாம். கடைக்காரரிடம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கூடக் கொடுப்பதைக் காய்கறியில் தொடங்குங்கள். தோலோடும் இலையோடும் தின்பவற்றில்தான் மருந்தின் எச்சம் வீடு வரை வருகிறது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், காலிஃபிளவர், கத்தரி, வெண்டை ஆகியவற்றை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். அளவு குறைவு என்பதால் செலவு பெரிதாக ஏறாது. கறிவேப்பிலைக்குக் கடையே வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு தொட்டி போதும். சேனை, தேங்காய், பூசணி, வாழைக்காய் போலத் தோல் நீக்கிச் சமைப்பவற்றை உழவர் சந்தையிலேயே வாங்கலாம். அது இயற்கை விளைச்சல் சந்தை அல்ல, ஆனால் விளைவித்தவரிடமே நேராகப் பேசலாம். சாதாரணக் காய்களை லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்ட நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் அலசுங்கள். மேலே ஒட்டிய மருந்து கணிசமாகப் போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது. மேலே சொன்ன ஏழு வகையையும் இடம் பார்த்து வாங்கச் சொல்வது அதனால்தான்.

எண்ணெயில் ஏமாறுவதும் எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். கடலை எண்ணெய்க்குப் பருப்பாக இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ, தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றே முக்கால் கிலோவுக்குள் கொப்பரை. எள் கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் எள்ளுக்கே 400 ஆயிற்று. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டி, ஆட்டுக்கூலி, பாட்டில் சேர்த்தால், லாபம் வைக்காமலே 400-ஐத் தாண்டும். அப்படியிருக்க 280 ரூபாய்க்கு ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ என்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய எள் விலையை மண்டியில் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் நல்லது, எள் வாங்கி நீங்களே ஆட்டிக்கொள்வது. செக்குக்காரர் ஒரு தடவை ஆட்டுவதற்குக் குறைந்தபட்ச அளவு சொல்வார், இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் சரியாகிவிடும். எள்ளை நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் காறும். ஆட்டிய எண்ணெயை அகலப் பாத்திரத்தில் ஊற்றித் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, அடியில் படியும் மண்டியைக் கலக்காமல் தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். மண்டி தங்கினால்தான் வாடை அடிக்கும். மூன்று மாதத் தேவைக்கு மேல் ஆட்ட வேண்டாம்.

அரிசியில்தான் பில் ஏறும். மாதம் 25 கிலோவையும் மாற்றினால் கிலோவுக்கு 45 ரூபாய் வித்தியாசத்தில் 1,125 ரூபாய் கூடிவிடும். ஒரு வேளைக்கு மட்டும் என்று 8 கிலோ வாங்கினால் 360-தான். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா ஆகியவை பிள்ளைகளுக்கு எளிதில் பிடிக்கும். மாப்பிள்ளைச் சம்பாவை இரவே ஊறவைத்துக் கஞ்சிக்கோ இட்லிக்கோ பயன்படுத்துங்கள். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ப்பசை இருப்பதால் நாளானால் காறும். அவித்த புழுங்கல், பச்சரிசியைவிட அதிக நாள் தாங்கும். எதுவானாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். சிறுதானியத்துக்கும் இதேதான்.

துவரை, உளுந்துக்கு இயற்கைச் சான்று தேடி அலைய வேண்டாம், எண்ணெய் தடவி மெருகேற்றாத பருப்பு போதும். புளி, வற்றல், மஞ்சள் மூன்றையும் தை முதல் சித்திரை வரை, புதுசு வரும்போது ஆண்டுக்கு ஒரே தடவையாக வாங்கினால் விலை குறையும். ஈரோட்டிலேயே இருக்கிறீர்கள், விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிற வெல்லம் வேண்டாம், அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டு வருவது.

உங்கள் கணவரின் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் விலை கூடுவதற்குக் காரணமும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் தொடாதவர் ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவைக் கலந்து 200 லிட்டர் ஜீவாமிர்தம் தயாரித்து, திரும்பத் திரும்பப் பாய்ச்ச வேண்டும். களைக்கொல்லிக்குப் பதில் களையெடுக்க ஆள்கூலி கொடுக்க வேண்டும். பெரும்பாலும் விளைச்சலும் குறைவு.

அங்காடியைச் சோதிக்க மூன்று வழி. பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று போட்டிருந்தால் அரசின் இயற்கை உணவு முத்திரை இருக்க வேண்டும், 2017-ஆம் ஆண்டு விதிப்படி அது ‘ஜைவிக் பாரத்’. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. அவரிடம் முத்திரை கேட்காதீர்கள், பூச்சி வந்தால் என்ன தெளிப்பீர்கள் என்று கேளுங்கள். வேம்பு, இஞ்சி-பூண்டு கரைசல் என்று அளவோடு சொல்பவர் வயலில் நிற்பவர். அடுத்து, சான்று காட்டினால் அதில் பயிரின் பெயரையும் செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். மஞ்சளுக்கு வாங்கிய சான்று தக்காளிக்கு ஆகாது. கடைசியாக, பக்கத்து ஊர் வயல் கேரட் என்று ஆண்டு முழுக்க ஒரே அளவில் அடுக்கியிருந்தால் ஊர்ப் பெயர் கேளுங்கள். கேரட் நமக்குப் பெரும்பாலும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருவது.

வண்டு இருந்தால்தான் இயற்கை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பழைய சரக்குக்கும் வண்டு வரும். வாங்கிய பருப்பையும் ரவையையும் காற்றுப்புகாத பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல், குளிர் முழுக்க அடங்கிய பிறகு டப்பாவில் கொட்டுங்கள். அவசரப்பட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.