ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தால் போக வேண்டுமா?

கேள்வி: தொழிலுக்காக ஒருவரிடம் 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். வியாபாரம் படுத்துவிட்டதால் திருப்பித் தர முடியவில்லை. அவர் புகார் கொடுத்துவிட்டார் போல. ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, "நாளைக்குக் காலையில உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா" என்கிறார்கள். அப்பாவுக்கு 67 வயது. போகாவிட்டால் கைது செய்துவிடுவார்களா?

பதில்: போனை அலட்சியம் செய்யாதீர்கள், பதறி ஓடவும் வேண்டாம். "எந்தப் பிரிவில் அழைக்கிறீர்கள்? சம்மன் கொடுங்கள், வருகிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, மனு சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

கைக்கு வரும் அந்தக் காகிதம்தான் நீங்கள் யார் என்று சொல்லும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது) 179-ஆம் பிரிவு என்று இருந்தால் நீங்கள் சாட்சி. 35(3) என்றால் உங்கள் மீதே சந்தேகம். இந்த 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்கான காரணத்தை போலீஸ் எழுதி வைக்க வேண்டும். ஆகவே நோட்டீஸ் வந்தால் போய்விடுங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி திறக்கும்.

அப்பா விஷயம் எளிது. 60 வயதைக் கடந்தவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைக்க முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். கடனில் அவர் கையெழுத்தே இல்லையென்றால் அவரை எதற்கு அழைக்கிறார்கள்? பெரியவரை உட்கார வைத்தால் பணம் வரும் என்ற பழைய கணக்குதான் என்பது என் சந்தேகம்.

கடனைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். மற்றபடி இது சிவில் கோர்ட்டில் தீர வேண்டிய வழக்கு. தவணை பேசி முடிப்பது போலீஸின் வேலை அல்ல. ஸ்டேஷனில் வெள்ளைத்தாளிலோ "இத்தனை நாளில் தருகிறேன்" என்ற கடிதத்திலோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று அதே சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவே சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3).

ஒருவேளை கைதே செய்தால், சாசனத்தின் 22-ஆம் பிரிவு உங்கள் கையில் இருக்கிறது: காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். "அரெஸ்ட் பண்ணல, சும்மா உட்கார வெச்சிருக்கோம்" என்று இரவெல்லாம் வைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அப்படி நடந்தால் மாஜிஸ்திரேட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போதைக்கு, போன் வந்த தேதி, நேரம், பேசியவரின் பெயர், பதவி ஆகியவற்றைக் குறித்து வைத்து, "சம்மன் கிடைத்தால் ஆஜராகத் தயார்" என்று இன்ஸ்பெக்டருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பிவிடுங்கள், நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கடன் பத்திரம், திருப்பிக் கட்டிய ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். யாரையும் தெரியாது என்றால் 15100-க்கு அழையுங்கள். அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண்.