ஒரே இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும் ‘தி டிசின்டக்ரேஷன் லூப்ஸ்’ தொகுப்பைக் கேட்டுச் சிலர் கண்கலங்குவதும் சிலர் சலிப்பதும் ஏன்?

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி, 1980களில் உருவாக்கிய நாடா வளையங்களை (முனைகள் ஒட்டப்பட்டு, ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒலிநாடாத் துண்டுகளை) 2001இல் நியூயார்க்கில் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றியபோது, ஒலியைத் தாங்கியிருக்கும் நாடாவின் காந்தப் பூச்சு சுழலச் சுழல உதிர்ந்தது. அவர் நிறுத்தாமல் அந்த உதிர்வையே பதிவுசெய்தார்; அதுவே இத்தொகுப்பு.

ஆகவே, ஒரே துணுக்கு என்பது முதல் தோற்றம் மட்டுமே. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும் முதல் பகுதியில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட இம்மியளவு தேய்ந்திருக்கிறது. ஒலியில் மெல்ல மெல்ல வெடிப்புகளும் இடைவெளிகளும் பெருகுகின்றன. மெட்டு வளர்வதை எதிர்பார்க்கும் செவிக்கு இது சலிப்பூட்டுவது இயல்பே. அதில் கேட்பவரின் குறை ஏதுமில்லை.

கண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட 2001 செப்டம்பர் 11 மாலையில், புரூக்ளின் மொட்டைமாடி ஒன்றிலிருந்து, புகை மண்டிய மன்ஹாட்டனை பசின்ஸ்கி படம்பிடித்தார்; அக்காட்சிகள் தொகுப்பின் உறைகளாயின, படைப்பும் அன்று மாண்டவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இசை அதற்கு முன்பே பதிவாகிவிட்டது என அறிந்தும், அதை இரங்கலாக அன்றி வேறுவிதமாகக் கேட்கப் பலரால் இயல்வதில்லை.

எனினும், அந்தப் பின்னணி இல்லாமலும் இது நெஞ்சை உருக்கும் என்றே உறுதியாகக் கருதுகிறேன். ஐம்பதாவது நிமிடம்வரை கேட்டுவிட்டு, உடனே தொடக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள். எவ்வளவு கரைந்துபோயிருக்கிறது என்பது அப்போதுதான் காதுக்குப் புலப்படும்.