பார்வை மங்கியவருக்கு எந்தக் கீபோர்டு?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது, மாகுலர் டீஜெனரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் ஈமெயில் எழுதுவார், வரவு செலவுக் கணக்கும் கம்ப்யூட்டரில்தான். இப்போது ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டுகிறார். லைட் எரியும் கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன், முன்பைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்கிறார். வேறு எதை வாங்குவது?

பதில்: அப்பா சொல்வது சரிதான். லைட் கீபோர்டு இருட்டில் தட்டுகிற, நல்ல கண் உள்ளவர்களுக்காகச் செய்தது. அதில் எழுத்து மெல்லிசாக இருக்கும், கீயின் ஓரங்களிலும் வெளிச்சம் கசியும், அறையில் வெளிச்சம் நன்றாக இருந்தால் எழுத்து வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். கண்புரையும் சேர்ந்திருந்தால் அந்த ஒளி கண்ணுக்குள் சிதறி எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி படரும். அப்பாவுக்கு வேண்டியது ஒளி இல்லை, எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் நடுவே பளிச்சென்ற நிற வித்தியாசம்.

அதற்காகவே பெரிய எழுத்துக் கீபோர்டுகள் கிடைக்கின்றன. லார்ஜ் பிரிண்ட் கீபோர்டு என்று தேடுங்கள். கீயின் அளவு பெரும்பாலும் வழக்கமானதுதான், ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர். மூலையில் சின்னதாக இருக்கும் எழுத்து இதில் கீயின் முகம் முழுக்கத் தடிமனாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மஞ்சள் கீயில் கறுப்பு எழுத்து, கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு என்று வரும். எது நல்லது என்று கேட்டால், கண்ணுக்குக் கண் மாறும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தாள்களைக் கீ அளவுக்கு வெட்டி, தடித்த பேனாவால் எழுதி (கறுப்புத் தாளுக்கு வெள்ளை மை), இப்போதிருக்கும் கீபோர்டின் மேல் ஒட்டிவிடுங்கள். அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில், குனியாமல் எதை முதலில் படிக்கிறாரோ அந்த நிறத்தை வாங்குங்கள்.

வாங்கும்போது பலர் கவனிக்காத ஒன்று: சில மாடல்களில் எழுத்துகள் மட்டும்தான் பெரிசு, கமா, அரைப்புள்ளி, ஈமெயிலுக்கு வேண்டிய அட் குறி எல்லாம் பழையபடி பொடிசாகவே இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்தக் கீகளைப் பாருங்கள். பளபளப்பான கீயும் வேண்டாம், மேலே இருக்கும் விளக்கு அதில் பட்டுத் தெறித்தால் எழுத்து மறைந்துவிடும்.

ஆனால் பெரிய எழுத்து பாதி வேலையைத்தான் செய்யும். பார்வை குறைந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: மூக்கு கீபோர்டைத் தொடும் அளவுக்குக் குனிவார், எழுத்தைக் கண்டுபிடிப்பார், தட்டுவார், நிமிர்ந்து திரையில் கர்சரைத் தேடுவார், அது கிடைப்பதற்குள் எந்த வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும். மாகுலர் பிரச்சினையில் நேராகப் பார்க்கும் இடமே மறைவதால், ஒவ்வொரு முறை கண்ணை எடுத்து வைக்கும்போதும் தேடல் புதிதாகத் தொடங்கும். கழுத்து வலியும் கூடவே வரும். அதனால் கண் செய்கிற வேலையில் கொஞ்சத்தை விரலுக்கும் காதுக்கும் மாற்றிவிட வேண்டும்.

முதலில் விரல். எஃப், ஜே கீகளில் சின்னக் கோடு மேடாக இருக்கும், நம்பர் பகுதியில் 5-லும் ஒரு மேடு உண்டு. அவை மெல்லியவை, வயதான விரலுக்குச் சட்டென்று தட்டுப்படாது. அவற்றின் மேல் புடைத்த பொட்டு ஸ்டிக்கர்களை ஒட்டுங்கள். என்டர், பேக்ஸ்பேஸ், கீழ் அம்புக்குறி, இவற்றுக்கும் ஒவ்வொன்று. டெலீட்டுக்கு மட்டும் வேறு வடிவம். ஐந்தாறுக்கு மேல் போகாதீர்கள், எல்லாக் கீயிலும் பொட்டு இருந்தால் எதிலும் இல்லாத மாதிரிதான். கீயின் மேல்புறம் லேசாகக் குழிந்திருக்கட்டும். எஃப்4-க்கும் எஃப்5-க்கும் நடுவே இருப்பது போன்ற இடைவெளிகள் உள்ள முழு அளவுக் கீபோர்டாகவும் இருக்கட்டும். அந்த இடைவெளிகளை வைத்துத்தான் விரல் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். லேப்டாப் பாணித் தட்டைக் கீகளில் அந்த வசதி கிடையாது. (கிளாக்கோமா என்ற கண் நோயால் பார்வை வட்டம் சுருங்கியவர்களுக்குக் கதை வேறு, அகலமான கீபோர்டு ஒரே பார்வையில் அடங்காது, அவர்கள் சின்னதையும் தட்டிப் பார்க்கலாம்.)

அப்புறம் காது. விண்டோஸில் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேச ஆரம்பிக்கும், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும். நிறுத்தவும் அதே மூன்று கீதான். ஆப்பிள் மேக்கில் கமாண்ட், எஃப்5 அழுத்தினால் இதேபோல் பேசும் வாய்ஸ்ஓவர் வரும். கேப்ஸ் லாக் தெரியாமல் விழுந்துவிட்டால் சத்தம் எழுப்பும் வசதியும் விண்டோஸ் அக்செஸிபிலிட்டி அமைப்பில் இருக்கிறது. பாஸ்வேர்டு ஏன் போகவில்லை என்று அரைமணி நேரம் தவிப்பதை அது தடுக்கும், கட்டாயம் போட்டு வையுங்கள்.

கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிக்கும் கண்ணாடி பொதுவாகச் சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குப் போடுவது. அப்பாவின் கீபோர்டும் திரையும் அதைத் தாண்டி இருந்தால் இரண்டுமே மங்கும். உட்கார்ந்த நிலையில் கண்ணிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள்.

கடைசியாக, பணம் கட்டும் முன் புதிய கீபோர்டின் படத்தைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்டர் ஒரு வரிசை உயரமா இரண்டா, டெலீட் எங்கே, அம்புக்குறிகள் தனியாக இருக்கின்றனவா. இத்தனை வருஷம் தட்டிய விரலுக்கு அந்த இடங்கள் மனப்பாடம், அவை மாறாமல் இருக்கும் மாடலையே எடுங்கள்.