தனித்தனியே கணீர், சேர்ந்தால் மூக்கடைப்பு

கேள்வி: என் டெலிகாஸ்டர் வகை கிதாரில் நெக் (கழுத்து) பக்கம் இருந்த சிங்கிள் காயில் பிக்கப்பை (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எடுத்துவிட்டு, வேறு கம்பெனியின் நான்கு வயர் ஹம்பக்கர் (இரண்டு காயில் உள்ள பிக்கப்) போட்டேன். பிரிட்ஜ் பிக்கப் பழையதுதான். தனித்தனியாக வாசித்தால் இரண்டுமே நன்றாக ஒலிக்கின்றன. ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால் மட்டும் சத்தம் இறங்கிப்போய், சளி பிடித்தவர் பேசுவது போல இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி சால்டர் செய்யலாமா?

பதில்: வேண்டாம். நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், மருந்துதான் தப்பான ஆளுக்கு. வயர் மாற்ற வேண்டியது ஹம்பக்கரில்.

ஒரே தந்தி அதிரும்போது ஒரு பிக்கப் மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் மின்னழுத்தத்தைத் தள்ளினால், ஒன்றை ஒன்று அடித்துவிடும். முதலில் போவது கனமான கீழ் ஒலி. மிச்சம் இருப்பது நீங்கள் கேட்கும் மூக்கொலி. ஒரு பிக்கப் எந்தப் பக்கம் தள்ளும் என்பது காயில் சுற்றிய திசை, காந்தத்தின் எந்த முனை மேலே இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இரண்டில் ஒன்று மட்டும் தலைகீழானால் சண்டை. இரண்டுமே தலைகீழானால் ஒலி ஒத்துப்போகும். ஒரே கம்பெனி செட்டில் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கம்பெனியாகக் கலந்தால் அந்த வேலை நம் தலையில்.

கிதாரைத் திறக்காமலே இதை உறுதி செய்துகொள்ளலாம். ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரைப் பிடியுங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் அளவில், வால்யூம் முழுதாக. ஸ்விட்சை பிரிட்ஜுக்குத் தள்ளி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை பிக்கப்பின் மேல் வைத்துச் சட்டென்று இழுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். நெக் பிக்கப்பிலும் அதையே செய்யுங்கள். ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால் ஃபேஸ் (தள்ளும் திசை) எதிரெதிர். (முள் உள்ள பழைய மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. துள்ளல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.)

சரி, பிரிட்ஜ் பிக்கப்பை ஏன் தொடக்கூடாது? வழக்கமான டெலிகாஸ்டர் பிரிட்ஜ் பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு குட்டி வயர் பிக்கப்பின் கிரவுண்டுக்குப் (பூமி இணைப்புக்கு) போகும். அந்தத் தகடு, உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூக்கள் வழியாக பிரிட்ஜையும் தந்திகளையும் கிரவுண்டோடு சேர்க்கிறது. வயர்களை அப்படியே இடம் மாற்றினால் தகடு ஹாட் (சிக்னல் போகும் பக்கம்) ஆகிவிடும், கூடவே தந்திகளும். கை பட்டாலே உர்ரென்று இரையும். பிரிட்ஜுக்குத் தனி கிரவுண்ட் வயர் இருந்தால் ஷார்ட் ஆகி, பிக்கப் ஊமையாகிவிடும். குட்டி வயரை வெட்டித் தகட்டுக்குத் தனியாக கிரவுண்ட் கொடுத்தால் மாற்றலாம்தான். ஆனால் காயில் கம்பி தலைமுடியை விட மெல்லியது. சால்டரிங் அயர்ன் கொஞ்சம் தவறினால் போச்சு.

ஹம்பக்கரில் அந்த ஆபத்து இல்லை. ஹாட்டில் இருக்கும் வயரை கிரவுண்டுக்கும், கிரவுண்டில் இருப்பதை ஹாட்டுக்கும் மாற்றுங்கள். ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிய இரண்டு வயர்களைத் தொடாதீர்கள். ஐந்தாவதாக உறையில்லாத கம்பி ஒன்று இருக்கும். அது கவசக் கம்பி, எப்போதும் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் பச்சை வயரோடு சேர்த்து முறுக்கி பாட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள மாறுமின்தடை) முதுகில் சால்டர் செய்திருப்பார்கள். முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சீமோர் டங்கன் கம்பெனி பிக்கப்பில் கறுப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் இணைப்பு. டிமார்சியோ கம்பெனி பிக்கப்பில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் இணைப்பு. இரண்டிலும் பச்சைதான் கிரவுண்ட், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் ஹம்பக்கரின் இரண்டு காயில்களே ஒன்றோடொன்று மோதும், தனியாக வாசித்தாலும் மெலிந்து ஒலிக்கும். உங்களுடையது தனியாக நன்றாக ஒலிப்பதால் அந்தப் பிழை இல்லை.

மாற்றும் முன் அந்த மூக்கொலியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். கிதார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிதாரில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து தந்த ஒலி இந்த வகைதான். அதைத் தேடி அலைபவர்களும் உண்டு!

அப்புறம் பாட். டெலிகாஸ்டரில் 250 கிலோ ஓம் பாட் இருந்தால் ஹம்பக்கர் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். 500 போட்டால் ஹம்பக்கர் தெளியும், பிரிட்ஜ் பிக்கப் கூச்சலிடும். அதற்கு ஸ்விட்சில் பிரிட்ஜ் பிக்கப் சேரும் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 500-உம் 470-உம் இணையாகச் சேர்ந்து ஏறக்குறைய 242 ஆகிவிடும், பிரிட்ஜுக்குப் பழைய பாட் போலவே இருக்கும். நடு நிலையில் ஹம்பக்கர் இன்னும் அமுக்குவதாகத் தோன்றினால், அதன் உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூக்களைக் கால் திருப்பு இறக்கிப் பாருங்கள்.