நெடுஞ்சாலையில் கார் தானே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பயமாக இருக்கிறது. லேன் உதவியை நம்புவதற்கு எப்படிப் பழகுவது?

கேள்வியைப் படித்ததும் என் பழைய நாட்கள் கண்முன் வந்தன. நீங்கள் புதுக் கார் வாங்கிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். விற்றவர் "எல்லாம் தானாகவே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருப்பார். நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டீயரிங் உங்கள் கையை மீறி அசைந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர் "நீ சரியாக ஓட்டினால் அது ஏன் திருத்துகிறது?" என்றும் கேட்டிருப்பார். எனக்கு அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கீறல் விழாமல் கார் ஓட்டியவள் நான்.

லேன் உதவி என்பது காரை அதன் தடத்துக்குள் வைத்திருக்க உதவும் வசதி. முதலில் உங்கள் காரில் இருப்பது அதில் எந்த வகை என்று பாருங்கள். கோட்டைத் தாண்டினால் வெறும் ஒலி எழுப்புவது ஒன்று. கோட்டை நெருங்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கை மெல்ல உள்ளே தள்ளுவது இன்னொன்று. இரண்டு கோடுகளுக்கும் நடுவே காரைத் தொடர்ந்து வைத்திருப்பது மூன்றாவது. என் காரில் கடைசி இரண்டும் இருந்தன, இரண்டுக்கும் தனித்தனி பொத்தான்கள். இரண்டு மாதம் அது தெரியாமலே ஓட்டினேன். ஒரு பக்கக் கோட்டை ஒட்டியே ஓட்டுவது என் பழக்கம். அதனால்தான் கார் ஓயாமல் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது. அது கோளாறு என்று நினைத்து வீல் அலைன்மென்ட் கூடப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லேனின் அகலம் சுமார் 3.5 மீட்டர், காரின் அகலம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடுவில் போகும்போது இருபுறமும் மிஞ்சுவது 85 சென்டிமீட்டர்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். கார் ஒரே ஒரு டிகிரி விலகினாலும் நொடிக்கு அரை மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். இரண்டு நொடிக்குள் சக்கரம் கோட்டில் இருக்கும். நாம் தும்மிவிட்டுக் கண் திறப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஏன் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு சிறிதாகத் திருத்துகிறது என்று அன்றுதான் புரிந்தது. அதன் பிறகு பிடியைத் தளர்த்தினேன். இறுக்கிப் பிடித்தால் அது தள்ளுவது பலமடங்காகத் தெரியும். கையை முழுவதும் எடுத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பல கார்களில் ஸ்டீயரிங்கில் விழும் சிறு முறுக்கத்தை வைத்துத்தான் கை இருக்கிறதா என்று அறிகிறது. நேர்ச்சாலையில் கை வைத்திருந்தாலும் "பிடியுங்கள்" என்று வருவது அதனால்தான். லேசாக அசைத்தால் போதும். ஐ.நா.வின் 79ஆம் எண் வாகன விதிமுறைப்படி, கை எடுத்தால் 15 நொடிக்குள் எச்சரிக்கை வந்தாக வேண்டும்.

இதுவரை நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆனால் உங்களிடம் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. பயம் போன பிறகுதான் எனக்கு ஆபத்து வந்தது.

நாலைந்து மாதத்தில் நன்றாக நம்பிவிட்டேன். லேன் கோடுகளைக் கார் கண்டுகொண்டது என்று காட்டும் இரண்டு பச்சைக் கோடுகள் டேஷ்போர்டில் தெரிந்தால் மனம் நிம்மதியாகிவிடும். ஒரு மாலை அப்பாவை அழைத்துக்கொண்டு நீண்ட பயணம். அப்பா முப்பது ஆண்டுகள் பஸ் ஓட்டியவர். மழை விட்டு, எதிரே சூரியன் தாழ்ந்திருந்தது. ஓரிடத்தில் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்ததால் பழைய வெள்ளைக் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதுக் கோடு போட்டிருந்தார்கள். சுரண்டிய தழும்பு ஈரத்தில் வெயில் பட்டு, புதுக் கோட்டைவிடப் பளிச்சென்று மின்னியது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்குத் தெரிவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். அது தழும்பையே கோடாக எடுத்துக்கொண்டது. கார் கொஞ்சமும் தயங்காமல், மிக மென்மையாக, கான்கிரீட் தடுப்பை நோக்கிச் சாய்ந்தது. எச்சரிக்கை ஒலி எதுவும் இல்லை. பச்சைக் கோடுகள் பச்சையாகவே இருந்தன.

அப்பா "ஸ்டீயரிங்!" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னார். இழுத்தேன். பக்கக் கண்ணாடிக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கலாம். அடுத்து வண்டியை ஓரம் கட்டியபோது என் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அப்பா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாலையைப் பார்க்கவில்லை அம்மா, அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்" என்றார். அது முழு உண்மை.

பிறகு நிறையப் படித்தேன். 2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஒரு டெஸ்லா கார், சாலை இரண்டாகப் பிரியும் முக்கோணத்துக்குள் தானே திரும்பிப் போய் மோதி, ஓட்டியவர் இறந்தார். அங்கும் கோடுகள் தேய்ந்திருந்தன, ஓட்டியவரின் கவனமும் சாலையில் இல்லை என்றே விசாரணை அமைப்பு முடிவு செய்தது. படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"அப்படியானால் அணைத்துவிட வேண்டியதுதானே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். இல்லை. ஆறு மணி நேரப் பயணத்தில் என் தோள்வலியைப் பாதியாகக் குறைத்தது இந்த வசதிதான். "விலை உயர்ந்த காரில் இப்படி நடக்காது" என்று இன்னொருவர் சொல்வார். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. வேகத்தையும் லேனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் கார், ஓட்டுநர் எந்நேரமும் கண்காணித்தாக வேண்டும் என்றால், எவ்வளவு விலையானாலும் 2ஆம் நிலைதான். பொறுப்பு நம்முடையது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினால் இந்த வசதி அதை விலகல் என்றே எடுத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை எதிர்க்கும். எத்தனையோ பேர் இதைக் காரின் குற்றமாகச் சொல்லி வசதியையே அணைத்துவிடுகிறார்கள். ஒரு விரலால் தட்ட வேண்டிய தண்டு அது! பின்னால் வருபவரின் உயிரைவிட அந்த ஒரு அசைவு பாரமா? போன வாரம்கூட ஒருவர் எந்தச் சைகையும் இல்லாமல் என் முன்னால் பாய்ந்தார். பின் இருக்கையில் குழந்தை இருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, பழகும் விதத்துக்கு வருகிறேன். நன்றாகத் தெரிந்த சாலையில், பகலில், மழை இல்லாதபோது தனியாகப் போங்கள். கார் எங்கே தவறும் என்று அதற்கு முன்பே நீங்கள் ஊகித்து வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளைச்சாலை பிரியும் இடம், லேன் திடீரென்று அகலமாகும் இடம், மேடேறி மறுபுறம் தெரியாத இடம், கூர்மையான வளைவு, சாலை வேலை, எதிர்வெயில் எல்லாமே அப்படிப்பட்டவை. ஒரு மாதத்தில் உங்கள் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் இந்த வசதியை அணைத்துவிட்டு நானே ஓட்டுகிறேன். நார்மன் மாக்வொர்த் என்ற ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கடிகாரம் போன்ற ஒரு கருவியின் முள் எப்போதாவது இரட்டையாகத் தாவும். அதை இரண்டு மணி நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே பார்ப்பவர்கள் தவறவிடத் தொடங்கினார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது ஓட்டுவதைவிடக் கடினம்.

கடைசியாக, முன்கண்ணாடியை எப்போதாவது மாற்றியிருந்தால் கேமராவை மறுபடி சரிபார்த்து அமைத்தார்களா என்று கேளுங்கள். எனக்கு ஒருமுறை அதைச் செய்யாமலே காரைக் கொடுத்துவிட்டார்கள். நேர்ச்சாலையிலும் கார் ஒரு பக்கமே ஒட்டிப் போனது. இரண்டாவது முறை போய் நின்று, அமைத்து முடித்ததற்கான தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.