கணக்கு முடங்கினால்?

கேள்வி: மின்னஞ்சல், போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாமே ஒரே கூகுள் கணக்கில் கிடக்கின்றன. நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. கணக்கையே அழித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. நாளைக் காலை அந்தக் கணக்கு முடங்கினால் என்ன செய்வீர்கள்? வங்கியோ டிக்கெட் தளமோ, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். சாவிக்கொத்து மொத்தமும் ஒரே ஆணியில் தொங்குகிறது.

அதனால் முதலில் நகல் எடுங்கள். கூகுளின் 'டேக்அவுட்' வசதி 2011-லிருந்தே இருக்கிறது; பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டால் எல்லாவற்றையும் ஜிப் கோப்புகளாகக் கட்டித் தரும். இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும், உடனே இறக்கிவிடுங்கள். படங்களோடு 'ஜேசன்' என்று முடியும் குட்டிக் கோப்புகளும் வரும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூகுள் போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதற்குள்தான் இருக்கும்.

அப்புறம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போனிலும் உறுதி கேட்பது) போட்டிருந்தால், போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். அதே கணக்கின் டிரைவிலேயே சேமித்து வைப்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது!

இதெல்லாம் முடிந்தபின் வேறு நிறுவனத்தில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, வங்கியில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக முகவரியை மாற்றுங்கள். பழையதைச் சில மாதம் விட்டுவைத்தால், எந்தத் தளத்தை மறந்தீர்கள் என்று வரும் கடிதங்களே சொல்லிவிடும். இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கூகுளே அழித்துவிடலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் நாம் பேசுவதை யாரும் படிக்க முடியாது என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: 2016 முதல் செய்திகள் அனுப்புபவர், பெறுபவர் என்ற இரு முனைக்கும் இடையே பூட்டப்பட்டே போகின்றன. அந்த அளவில் நம்பலாம். ஆனால் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பது அந்தப் பூட்டுக்குள் வராது. இன்னொன்று, உரையாடலின் காப்பு நகல். அதையும் பூட்டும் வசதி 2021-ல் வந்தது. செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' பகுதிக்குப் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிரவுசரின் இன்காக்னிட்டோவில், அதாவது பார்த்த பக்கங்களைக் கணினியில் சேமிக்காத முறையில், தேடினால் யாருக்கும் தெரியாதுதானே?

பதில்: அதே கணினியை அடுத்துத் திறப்பவருக்குத் தெரியாது. நீங்கள் போகும் தளத்துக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் தெரியும்.