கை வலிக்காரர்களின் கிழங்குச் சந்தேகங்கள்: கேள்வி பதில்

எனக்கு 14 ஆண்டுகளாக முடக்குவாதம். விரல் மூட்டும் மணிக்கட்டும்தான் அதிகம் படுத்தும். ஆனாலும் கிழங்கு சமைப்பதை விடவில்லை. மருந்து விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள், அடுப்படி விஷயத்தை என்னிடம் கேளுங்கள்.

அக்கா, சேனைக்கிழங்கு வெட்டினால் கட்டைவிரல் அடியில் இரண்டு நாளைக்கு வலிக்கிறது. பொங்கலுக்குச் சேனை இல்லாமல் முடியாது. (திருநெல்வேலி)

முழுக் கிழங்காக வாங்காதீர்கள். கடையில் கூட்டம் குறைவான நேரமாகப் போய், "அண்ணே, ஒரு விரல் கனத்துக்குக் கீற்றுப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். அவரிடம் பெரிய கத்தி இருக்கிறது, நமக்கு ஏன் வம்பு? வீட்டில் மண் போகக் கழுவி, தோலோடே புளித்தண்ணீரும் மஞ்சள்தூளும் சேர்த்துக் குக்கரில் ஒரு விசில் விடுங்கள். ஆறியதும் கரண்டி விளிம்பால் தள்ளினாலே தோல் வந்துவிடும், துண்டு போடவும் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். இதில் இன்னொரு லாபம்: கை அரிக்காது. அரிப்புக்குக் காரணம் பச்சைக் கிழங்கில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். விசில் கூடினால் வறுவலுக்கு ஆகாது, மசியலாகத்தான் முடியும். நான் இரண்டு முறை அப்படி முடித்திருக்கிறேன்.

பீட்ரூட், கேரட்?

பீட்ரூட்டை வாலும் ஒரு இஞ்ச் காம்பும் விட்டு முழுசாக வேகவையுங்கள், சாயம் இறங்காது. வெந்ததைத் துணியால் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். பிஞ்சுக் கேரட்டுக்குத் தோல் சீவவே வேண்டாம், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும்.

அப்போ மரவள்ளியையும் தோலோடு குக்கரில் போட்டுவிடலாமா?

கூடாது. மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, தோலில்தான் அதிகம். முதலில் தோலை உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உரிப்பதற்கு நீளவாக்கில் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டு, ஸ்பூன் காம்பை உள்ளே விட்டுத் தள்ளுங்கள். உள்பக்கத்து இளஞ்சிவப்புத் தோலும் சேர்ந்தே பட்டை மாதிரி வரும். கட்டைவிரல் நகத்தால் நெம்பவே கூடாது. கை வீங்கியிருக்கும் நாளில் மரவள்ளி வேண்டாம்.

அம்மாவுக்கு 70 வயது. கத்தி நல்லதா, அரிவாள்மனை நல்லதா?

முழங்கால் சம்மதித்தால் அரிவாள்மனை. கத்திப் பிடியை இறுக்க வேண்டியதில்லை, காயை இரண்டு கையாலும் தள்ளலாம், பலம் தோளிலிருந்து வரும். தரையில் உட்கார முடியாவிட்டால் கனமான, நன்றாகத் தீட்டிய கத்தி. மழுங்கின கத்திதான் மணிக்கட்டுக்கு எதிரி. பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்குங்கள், மெல்லிய பிடியை இறுக்கினால்தான் விரல் வலிக்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. அப்புறம், காலையில் எழுந்ததும் வெட்ட விடாதீர்கள். விறைப்பு விட்டு, வெந்நீரில் கை நனைத்த பிறகு உட்காரச் சொல்லுங்கள்.

குக்கர் மூடி திறக்க வரவில்லை, வடிக்கும்போது பாத்திரம் நழுவுகிறது.

ஆவி முழுவதும் அடங்கட்டும். கேஸ்கட்டில் துளி எண்ணெய் தடவி வையுங்கள். வடிக்கப் பாத்திரத்தையே தூக்காதீர்கள், கிழங்கைக் கண்கரண்டியால் அள்ளுங்கள், தண்ணீர் ஆறினபின் கொட்டிக்கொள்ளலாம்.

சிறுகிழங்கு உரிக்கவே பயமாக இருக்கிறது அக்கா!

அதை யார் ஒவ்வொன்றாக உரிப்பது? ஒரு மணி நேரம் ஊறவைத்து, கோணிச்சாக்கில் போட்டு வாயைக் கட்டித் தரையில் உருட்டித் தேய்க்க வேண்டும். பாதிக்கு மேல் தோல் சாக்கிலேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் சாக்கைக் காலால் உருட்டுவது பேரன் வேலை. கூலி, முதல் கரண்டிப் பொரியல்.